உட்காராத ரேடியோக்காரர்

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. மகள் செல்வி. ரேடியோக்காரர். நினைத்தபோது அணைந்து போகும் ஒரு லேப்டாப்.

ரேடியோக்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். அவர் உட்கார்ந்து கொல்லிமலையில் யாரும் பார்த்ததில்லை.

செம்மேட்டில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ரேடியோவை இப்போது யாரும் கொண்டு வருவதில்லை. பேர் மாறவில்லை. கடையில் ஒரு நாற்காலி உண்டு. அது வருகிறவர்களுக்கு. கல்யாணப் பந்தியில் இலையைக் கையில் ஏந்தி நடந்தே சாப்பிடுவார். சாம்பார் வாளிக்காரர் பின்னால் ஓடுவார். அடிவாரத்தில் காரவள்ளியில் பஸ் ஏறினால் சீட்டு காலியாகக் கிடந்தாலும் எழுபது கொண்டை ஊசி வளைவும் நின்றுதான் வருவார். தாலி கட்டும்போது மட்டும் உட்கார்ந்தார் என்பார்கள். அவர் மனைவி அதை ஒத்துக்கொள்வதில்லை.

நான் மாணவர் விடுதியில் சமையல்காரன். மகளுக்கு உதவித்தொகைத் தேர்வு. கிடைத்தால் காலேஜ். இல்லையென்றால் இல்லை. லேப்டாப்பில்தான் எழுத வேண்டும். நடுவில் அணைந்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்களாம்.

ரேடியோக்காரரிடம் கொண்டு போனேன். அவருக்கு ஒரு சட்டம் உண்டு. கோளாறைத் தன் கண்ணால் பார்க்காமல் திருப்புளியைத் தொட மாட்டார். லேப்டாப்பைத் திறந்து ஓடவிட்டு, கையில் ஏந்திக்கொண்டு கடைவீதியில் நடந்தார். டீக்கடைக்குப் போனார். பஸ் ஸ்டாண்டைச் சுற்றினார். இரண்டு நாள். அணையவே இல்லை.

“மிசினு குத்தமில்லீங்க. உங்க ஊட்டுலதான் ஏதோ இருக்குது. வாரேன்” என்றார்.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம் வந்தார். செல்வி கட்டிலில் உட்கார்ந்து வழக்கம்போல் திறந்தாள். இருபது நிமிடம் அவர் கட்டிலைச் சுற்றி நடந்தார். லேப்டாப் அணைந்தது.

முதல் முறையாகச் சிரித்தார். அடியில் கையை விட்டார். வெடுக்கென்று எடுத்தார்.

“ஏனுங்க, அடியில இந்தக் கம்பளிய யாரு போட்டது?”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

“பனி ஏறுமேன்னு…” என்றேன்.

“காத்து உள்ள போற வழியே அடியிலதானுங்க. பிரியாணிக்குத் தம் போடறாப்புல மிசினுக்கும் போட்டு வெச்சிருக்கறீங்க.”

“நான் அன்னைக்கே சொன்னேனுங்கண்ணா. கேக்கோணுமே” என்றாள் மனைவி. அவள் சொல்லவில்லை.

கம்பளியை எடுத்தோம். ஒரு மணி நேரம் ஓடியது. மறுபடி அணைந்தது. பின்பக்கம் கழற்றினார். உள்ளே இருந்த சின்னக் காற்றாடி தேய்ந்து, சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. புதியது நாமக்கல்லிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். தேர்வு காலை பத்து மணிக்கு.

“வெளிய இருந்து காத்து குடுத்தாப் போதும். ஃபேன் இருக்குதுங்களா?”

இந்தக் குளிரில் யார் வீட்டில் ஃபேன் இருக்கிறது? தெருவில் கேட்டுப் பார்த்தேன். சிரித்தார்கள்.

காலையில் அவரே வந்தார். கையில் பழைய காலண்டர் அட்டை. எங்கள் வீட்டில் மேசை கிடையாது. தரையில் இரண்டு செங்கல் வைத்து லேப்டாப்பை அதன் மேல் வைத்தார். நடந்துகொண்டே விசிறிப் பார்த்தார். காற்று செல்வியின் முகத்துக்குப் போனது. குனிந்து விசிறினார். சரிப்படவில்லை.

“நான் வீசறேனுங்க” என்றேன்.

“நீங்களா? குளுருதுன்னு மறுபடி போத்தி உட்ருவீங்க.”

ஒரு நிமிடம் நின்றார். பிறகு உட்கார்ந்தார். சில்லென்ற வெறும் தரையில். கம்பளியைக் கொண்டு போனேன். ஒரு பார்வை பார்த்தார். திரும்ப எடுத்துக்கொண்டேன்.

“நீ எழுது கண்ணு. நான் இங்கதான் இருக்கறேன்” என்றார்.

பாதி நேரத்தில் அவர் கால்கள் உட்கார்ந்தபடியே நடக்கத் தொடங்கின. மடித்துப் போட்டுக்கொண்டார். கை நிற்கவில்லை.

முடிந்ததும் அவரால் எழ முடியவில்லை. நானும் மனைவியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம்.

“ஏனுங்க, உக்காந்தா எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமா?” என்று கேட்டார்.

செல்வி இப்போது சேலத்தில் படிக்கிறாள். செம்மேட்டில் கேட்டால், ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை என்றுதான் ரேடியோக்காரர் சொல்வார். நான் மறுத்துப் பேசுவதில்லை. அன்று வாசற்படியில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

தொண்ணூறு நிமிடம்.