வாடைக் கண்

நோயாளி வாயைத் திறப்பதற்குள் அவருக்காகப் பதில் சொல்லி முடித்துவிடும் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். "எத்தனை நாளா காய்ச்சல்?" என்று டாக்டர் கேட்பது நோயாளியை. பதில் வருவது பக்கத்து நாற்காலியிலிருந்து. இந்தப் பிறவிகளைப் பற்றி எனக்கு நன்றாகவே தெரியும். ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவியில் இருந்தவன் நான்தான். (இப்போது இல்லை. பதவி பறிக்கப்பட்ட கதையைத்தான் சொல்லப்போகிறேன்.)

என் மாமனார் சூசை, வாழ்நாளெல்லாம் தோணியில் போனவர். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப்போகும் மரத்தோணிக்குத் தலைவர். இங்கே அவர்களைத் தண்டல் என்போம். கரைக்கு வந்து வருஷக்கணக்காகியும் அவருக்கு இடது, வலது என்ற இரண்டு சொற்களும் வாயில் வந்ததில்லை. காற்றுத்தான். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கு சோழகம், கிழக்கு கொண்டல், மேற்கு கச்சான். சாப்பிட உட்கார்ந்தால், "ஏளா ரெஜி, சோழகப் பக்கம் இருக்க உப்ப இங்கன தள்ளு" என்பார் மகளிடம். கடலைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் கிழக்கே பார்த்து அமர்ந்திருப்பார். ஆகவே எங்கள் வீட்டில் வாடை என்றால் இடக்கைப் பக்கம், சோழகம் என்றால் வலக்கைப் பக்கம். கல்யாணமான புதிதில் நான் இதைப் பாடமாகப் படித்துத் தேறினேன். அந்தத் தேர்ச்சிதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

நான் வசன கவிதை எழுதுகிறவன். என் தொகுப்பைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே காற்று வீசும், கடைசிப் பக்கம் வரை நிற்காது. கச்சான் வரும், கொண்டல் வரும், எது எந்த மாதம் வரும் என்பதைப் பற்றி நானும் கவலைப்பட்டதில்லை, வாசித்த சிலரும் கவலைப்பட்டதில்லை. மாமா மட்டும் ஒரு தடவை பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "உம்ம பொஸ்தகத்த நம்பித் தோணி எடுத்தா ஒருத்தனும் கரைக்கு வரமாட்டாம்வே" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மாமாவின் வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. இடது கண் நன்றாக இருந்தது. மாலையானால் மொட்டைமாடிக்குப் போய், வலது கண்ணைப் பொத்திக்கொண்டு முயல் தீவு கலங்கரை விளக்கைப் பார்ப்பார். விளக்கு பளிச்சென்று வெட்டினால், "கெடக்கு, நல்லாத்தான் கெடக்கு" என்று கீழே இறங்கிவிடுவார். அந்த ஒற்றைக் கண்ணை நம்பித்தான் அவர் கடைக்குப் போனதும், பேத்தியின் முகம் பார்த்ததும், என் காற்றுகளைக் கேலி செய்ததும். (எந்தக் கண்ணைப் பொத்துகிறார் என்று அப்போதெல்லாம் நான் கவனித்ததே இல்லை; என் பார்வை தூரத்து விளக்கில்.)

ஆபரேஷன் அன்று என் மனைவி ரெஜினாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை. வாசலில் வைத்து என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "ஏங்க, கூடப் போனாப் போதும். பேச வேண்டாம்."

"நான் என்ன பேசப்போறேன்?" என்றேன், ஏற்கெனவே பேசிக்கொண்டு.

மருத்துவமனையின் பெயர் வேண்டாம். நல்ல இடம், நல்ல ஆட்கள். ஆபரேஷனுக்கு முன்னால் உட்கார வைக்கும் அறையில் ஒரு ஜன்னல்கூட இல்லை. பெஞ்சில் வரிசையாகப் பெரியவர்கள், எல்லோருக்கும் தலையில் பச்சைத் தொப்பி. சுவரில் மாட்டிய ஏசி நேராக மாமாவின் தோளைக் குறிவைத்து ஊதிக்கொண்டிருந்தது. அவர் துண்டை இழுத்து வலது தோளை மூடிக்கொண்டு சொன்னார்: "இங்கன வாடை நல்லா அடிக்குதே மருமவனே."

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆஹா, என்ன படிமம்! ஜன்னலில்லாத அறைக்குள் ஒரு கிழவனைத் தேடிக்கொண்டு கடற்காற்று வருகிறது! உடனே போனை எடுத்துத் தட்டத் தொடங்கினேன். 'சுவர்களுக்கு உள்ளேயும் வாடை. தண்டலின் தோளில் வந்து அமர்கிறது ஒரு பழைய கடல்...'

(அவர் சொன்னது படிமம் அல்ல, செய்தி. அந்த வித்தியாசம் தெரியாதவனைத்தான் கவிஞன் என்று கூப்பிடுகிறார்களோ என்னவோ.)

இரண்டாவது வரியில் இருந்தபோது நர்ஸ் வந்தாள். சேலத்துப் பக்கத்துப் பெண். கையில் ஃபைல், சொட்டு மருந்து, வெள்ளைப் பிளாஸ்திரிச் சுருள். எந்தக் கண்ணோ அந்தப் புருவத்துக்கு மேலே ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, அந்தக் கண்ணில் மட்டும் பாவை விரிய மருந்து விடுவது அங்கே வழக்கம்.

"தாத்தா, எந்தக் கண்ணுங்க ஆபரேஷன்?"

மாமா யோசிக்கவேயில்லை. "வாடைக் கண்ணு."

நர்ஸ் முகம் மாறியது. "வாடை வருதுங்களா? எத்தனை நாளா? சீழ் ஏதும் வடியுதா தாத்தா?" என்று குனிந்து அவர் முகத்தருகே மூக்கைக் கொண்டுபோனாள்.

மாமா பின்னால் சாய்ந்தார். "ஏ பிள்ள, என்னத்துக்கு மோந்து பாக்க? நான் என்ன கருவாடா?"

இப்படியொரு சந்தர்ப்பத்துக்காகத்தான் கடவுள் என்னைப் படைத்திருந்தார். போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு எழுந்தேன். "சிஸ்டர், வாடைன்னா நாத்தம் இல்லை. வடக்கு. இவர் கடல்காரர், திசையை வச்சுத்தான் எதையும் சொல்வார்." நர்ஸ் வியந்தாள். எனக்கு அது போதாதா? அங்கேயே மனக்கணக்குப் போட்டேன். காலையில் வரும்போது வெயில் எந்தப் பக்கம் அடித்தது, வாசல் எந்தப் பக்கம், நாங்கள் எத்தனை தடவை திரும்பினோம் என்று எல்லாம் கூட்டிப் பார்த்தால் மாமா கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். கிழக்கே பார்த்தால் வடக்கு எந்தப் பக்கம்? இடக்கைப் பக்கம். வீட்டு நாற்காலியும் அதையேதான் சொன்னது.

"இடது கண் சிஸ்டர்," என்று அறிவித்தேன்.

"ஃபைல்ல வலதுன்னு போட்டிருக்குங்களே சார்."

மனிதன் தோற்கும் இடம் இதுதான். 'அப்படியா, அப்ப எனக்குத் தெரியாதும்மா' என்று உட்கார்ந்திருக்க வேண்டும். நான் சிரித்தேன். பாமரர்களிடம் அறிஞர்கள் சிரிக்கும் சிரிப்பு. "டாக்டர் எதிரே உட்கார்ந்துதானே பார்த்தாங்க? அவங்களுக்கு வலதுன்னா, எதிரே இருக்கிறவருக்கு இடது. அவங்க பக்கத்திலிருந்து எழுதியிருப்பாங்க."

இன்று இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது. உலகத்தில் எந்தக் கண் டாக்டரும் தன் வலக்கையை வைத்து நோயாளியின் கண்ணுக்குப் பெயர் வைப்பதில்லை. ஆனால் நான் சொன்ன தோரணை அப்படி. வெள்ளைத் தாடி வேறு. நர்ஸ் ஒரு கணம் தயங்கினாள். அதே நேரம் உள்ளேயிருந்து யாரோ அவளை அவசரமாகக் கூப்பிட்டார்கள். அந்தத் தயக்கம் அப்படியே கரைந்துபோனது. மாமாவின் இடது புருவத்துக்கு மேலே பிளாஸ்திரி ஒட்டினாள்.

மாமா கையைத் தூக்கினார். "ஏ பிள்ள, இது இல்ல..."

நான் அவர் கையைப் பிடித்து இறக்கினேன். "மாமா, சும்மா இருங்க. அவங்களுக்குத் தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நர்ஸைப் பார்த்தார். படித்தவர்கள் இரண்டு பேர் ஒன்றாகச் சொல்லும்போது தன் கண்ணைப் பற்றித் தனக்கே தெரியாதோ என்ற சந்தேகம் எந்த மனிதனுக்கும் வந்துவிடும். புயலில் தோணியைத் திருப்பிக்கொண்டு வந்த மனிதர், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நல்ல கண்ணை மருந்துக்குக் காட்டினார். நான் மூன்றாவது வரியைத் தட்டினேன்.

அவரை உள்ளே அழைத்துப்போனார்கள். என் கவிதை முடியும் தறுவாயில் கதவு திறந்தது. "சூசை கூட வந்தவர் யாரு?"

கதவருகே பெண் டாக்டர் நின்றார். முகமூடியைத் தாடைக்கு இறக்கியிருந்தார். பின்னால் சக்கர நாற்காலியில் மாமா. நர்ஸின் கண் கலங்கியிருந்தது.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "மரத்துப்போற ஊசி போடுறதுக்கு முன்னாடி நான் நோயாளியையே கேட்பேன். பேரு என்ன, எந்தக் கண்ணு, தொட்டுக் காட்டுங்கன்னு. ஐயா இந்தக் கண்ணைத் தொட்டாங்க." மாமாவின் வலது கண்ணைக் காட்டினார். "ஃபைல்லயும் இதுதான். பிளாஸ்திரி மட்டும் அந்தப் பக்கம். இடதுன்னு சொன்னது நீங்களா?"

"அவர்தான் வாடைன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"வாடைதாம்வே!" என்றார் மாமா. நாற்காலியே ஆடியது. "வாடைன்னுதான் சொன்னேன். சில்லுன்னு இந்தப் பக்கத்துலருந்துதான அடிச்சிது?" அவர் விரல் வலது பக்கச் சுவரில் இருந்த ஏசியைக் காட்டியது.

அறையே ஏசியைப் பார்த்தது. ஏசி தன்பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தது.

"மாமா, அது தெக்குச் சுவரு," என்றேன் ஈனக்குரலில்.

"தெக்கயிருந்து எவனுக்குவே சில்லுன்னு காத்து வரும்? குளுந்தா அது வாடை. அம்புட்டுத்தான்."

திசை சரி, கண் தப்பு, அது நான். கண் சரி, திசை தப்பு, அது அவர். ஆனால் ஊசி திசையில் இறங்காது, கண்ணில்தான் இறங்கும்.

நர்ஸ், "நான்தான் மேடம், ஃபைலைப் பாத்தும் மாத்தி ஒட்டிட்டேன்" என்றாள். நான் ஏதோ பெரிய மனிதன்போல, "இப்படி அஜாக்கிரதையா இருக்கலாமா?" என்று தொடங்கினேன். (பிளாஸ்திரியை என் வாயில் ஒட்டியிருக்க வேண்டிய தருணம்.) டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவங்களைத் திட்டாதீங்க சார். அவங்க இப்ப தானா வந்து நடந்ததைச் சொன்னாங்க. திட்டினா அடுத்த தடவை சொல்ல மாட்டாங்க, எனக்கும் தெரியாமப் போயிடும். ஃபைல் ஒண்ணு சொல்லுது, ஆள் ஒண்ணு சொல்லுறாங்கன்னா அங்கேயே எல்லாம் நிக்கணும். யார் அவசரமாக் கூப்பிட்டாலும் நிக்கணும். அது எங்க பாடு, நாங்க பாத்துக்கிடுதோம்." கடைசி வார்த்தையில் எங்கள் ஊர் எட்டிப்பார்த்தது. "உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான். ஐயா கையைத் தூக்கினப்ப நீங்க ஏன் இறக்கினீங்க?"

நான் முடியாத கவிதையோடு போனைச் சட்டைப்பையில் போட்டேன்.

மருந்துதான் விட்டிருக்கிறது, சில மணி நேரத்தில் சரியாகிவிடும், வேண்டுமானால் கொஞ்சம் பொறுத்து வலது கண்ணை இன்றே செய்யலாம் என்றார் டாக்டர். மாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "வேண்டாம் தாயி. இன்னைக்குக் காத்து சரியில்ல." கடலில் இதைச் சொன்னால் எந்த முதலாளியும் தோணியை எடுக்கச் சொல்ல மாட்டார். டாக்டரும் சொல்லவில்லை.

வெளியே வந்தோம். நல்ல கண்ணில் பாவை விரிந்து வெளிச்சம் கொட்டியது, மற்ற கண்ணிலோ புரை. இரண்டையும் சுருக்கிக்கொண்டு படியின் ஓரத்தில் நின்றார். காலை நீட்டி அடுத்த படியைத் தேடினார். கிடைக்கவில்லை. கை காற்றில் துழாவி என் சட்டையைப் பிடித்தது.

"இது யாரு, மருமவனா?"

பக்கத்தில்தான் நின்றேன். அவ்வளவு பக்கத்தில் நின்றவனைக் கேட்டார். உள்ளே அந்த டாக்டர் ஒரு கேள்வி கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. எந்தக் கவிதையும் நினைவுக்கு வரவில்லை. "ஆமா மாமா, நான்தான்" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே சரியான பதில் அது.

சாயங்காலம் அவரை மாடிக்குக் கூட்டிப்போனேன். வலது கண்ணைப் பொத்தினார். தூரத்து விளக்கு இரண்டு தடவை வெட்டியது. பிறகு, "கெடக்கு" என்றார். "நல்லாத்தான் கெடக்கு."

நான் கீழே வந்து ரெஜினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "என்ன சொல்லி அனுப்பினேன்?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பதிலை எங்கள் மகள் முந்திக்கொண்டு சொன்னாள்.

அடுத்த வாரம் ரெஜினாவே கூடப் போனாள். என்னை வாசலில் வண்டிகளுக்கு நடுவே நிறுத்திவிட்டார்கள். அதே நர்ஸ், அதே பெஞ்ச். "தாத்தா, காத்தெல்லாம் வேண்டாங்க, தொட்டுக் காட்டுங்க" என்றாளாம். மாமா வலது கண்ணைத் தொட்டாராம். ஃபைலைப் பார்த்து, டாக்டரைக் கேட்டு, மறுபடியும் அவரைத் தொட்டுக் காட்டச் சொல்லி, அதற்குப் பிறகுதான் பிளாஸ்திரி. கட்டு அவிழ்த்ததும் அவர் புதுக் கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்து, "என்னவே, தாடியெல்லாம் இப்படி நரைச்சுப் போச்சு? இந்த வயசுலயா இம்புட்டுப் பேச்சு?" என்றார்.

அதோடு விட்டார்களா? எங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் ஒரு பிளாஸ்திரிச் சுருள் எனக்கென்றே இருக்கிறது. விருந்தாளியிடம் "காபியா டீயா?" என்று கேட்கும்போது நான் முந்திக்கொண்டு பதில் சொன்னால், மகள் ஒரு துண்டு கிழித்து என் புருவத்துக்கு மேலே ஒட்டிவிடுவாள். அது இருக்கும்வரை அப்பா பேசக் கூடாது.

போன மாதம் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. ரெஜினா கூட வந்தாள். சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து விளக்கை முகத்துக்கு நேரே இழுத்து, "எந்தப் பக்கம் சார் வலி?" என்றார் பல் டாக்டர். நான் வாயைத் திறந்தேன்.

"பேசாதீங்க, தொட்டுக் காட்டுங்க" என்றாள் ரெஜினா.

அப்போது அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில், வீட்டிலிருந்து மாமாவின் குரல், அறை முழுக்கக் கேட்கும்படி: "ஏளா, அவருகிட்ட கேளு. கச்சான் பல்லா, கொண்டல் பல்லா?"

நான் விரலால் பல்லைத் தொட்டுக் காட்டினேன். பிறகு இன்னொரு கையால், தலைக்கு மேலே ஊதிக்கொண்டிருந்த ஏசியைக் காட்டி, முதலில் அதை நிறுத்தச் சொன்னேன்.