சூடம் விழுங்கிய ஜப்பான் பொம்மை

எதிர்வீட்டுக்காரி பட்டுப்புடவை வாங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். கட்டி முடித்ததும் பீரோவுக்குள் போய்விடும். கொலு அப்படியல்ல. ஒன்பது நாளும் நம்மை வெற்றிலை பாக்குக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து வயிறெரிய வைக்கும்.

எண்பதுகளில் நாங்கள் ஆவடியில், ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். எதிர்வீட்டுச் சரோஜா பக்கத்துச் சேக்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். கப்பலில் வேலை பார்த்த அவள் அப்பா வாங்கி வந்த ஜப்பான் செல்லுலாய்ட் பொம்மைகள்தான் அவள் கொலு. அன்னம், மான், குடை பிடித்த பெண், தொப்பை தள்ளிய குழந்தை. எல்லாம் ஊதினால் பறக்கிற கனம். அவற்றைப் பார்த்த பிறகு என் கொலுவின் மண் செட்டியார் பொம்மையை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. (செட்டியாருக்கே வருத்தம்தான்.) எனக்குச் சோறு இறங்காத பொறாமை.

அசல் பொம்மையைக் கட்டைவிரலால் தேய்த்தால் சூட வாசனை வரும், செய்யும்போதே சூடம் சேர்ப்பார்கள் என்று சரோஜா எல்லோருக்கும் தேய்த்துக் காட்டினாள்.

அடுத்த வருஷம் பூந்தமல்லியில் ஒரு பழைய சாமான் கடையில் எனக்கும் ஒரு குண்டுக் குழந்தை கிடைத்தது. ஜப்பானேதான் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். வீட்டில் தேய்த்தேன். எலிப்புழுக்கை வாசனைதான் வந்தது. விடுவேனா? அதன் கையைக் கழற்றி, வயிற்றுக்குள் ஒரு டப்பா சூடத்தைக் கொட்டி மாட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கூடம் நிறையப் பெண்கள். சரோஜா குழந்தையை எடுத்துத் தேய்த்தாள், முகர்ந்தாள்.

"மெய்யாலுமே ஜப்பான்தான்க்கா. என்கிட்ட கீறதுல கூட இவ்ளோ வாசன வராது."

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆரத்தித் தட்டை எடுத்து, அம்பாளுக்கு அவசரமாக ஒரு சுற்று, குழந்தைக்கு நிதானமாக மூன்று சுற்று காட்டினேன். மூன்றாவது சுற்றில் குழந்தையின் அக்குளில் தீப்பிடித்தது.

நான் அலறியதோடு சரி. சரோஜாதான் குடத்துத் தண்ணீரைத் தூக்கி ஊற்றினாள். வயிறு பிளந்து, சூடக் கட்டிகள் கொலுப்படி ஒவ்வொன்றாக உருண்டு அத்தனை பேர் காலடியிலும் வந்து நின்றன. சரோஜா ஒன்றைப் பொறுக்கி முகர்ந்து பார்த்தாள்.

"பரவால்லக்கா, வாசன ஒரிஜினல்."

மறுநாள் காலை அவளுடைய தொப்பைக் குழந்தையைக் கொண்டுவந்து, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் என் கை வாங்கிவிட்டது.

இன்றும் என் கொலுவுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். எங்கே வாங்கியது என்று கேட்டால் நான் முந்துவதற்குள் என் கணவர் உள்ளேயிருந்து, "சரோஜா குடுத்தது" என்பார். ஆரத்தி நேரத்தில் அதைப் பத்திரமாகப் படுக்கையறைக்குத் தூக்கிப்போவதும் அவர்தான். போகிறபோது செட்டியாரை மட்டும் காவலுக்கு என் பக்கம் திருப்பிவைத்துவிட்டுப் போவார்.