ஈயமீனும் நீல நூலும்

கடலில் ஒரு மீனாவது பிடிக்கும்வரை பெயின்ட் பிரஷைத் தொடுவதில்லை என்று நாளைக்காரர் சபதம் செய்தார். சாட்சி, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுப் பல் டாக்டர்.

நாளைக்காரர் தபாலாபீசில் முத்திரை குத்துகிறவர். எதைக் கேட்டாலும் 'நாளைக்கு' என்பதால் தெரு வைத்த பெயர் அது. வீட்டுச் சுவர் மூன்று வருஷமாகத் தோலுரிந்து கிடந்தது. போன வருஷம் பிரஷ் கை நழுவுகிறது என்றார். அதற்கு முந்தின வருஷம் கழுத்துச் சுளுக்கு. இந்த வசந்தத்துக்குச் சபதம்.

"சரிங்க. மீன் வந்ததும் ஏணி," என்றாள் மனைவி. தையல் மெஷினிலிருந்து தலை நிமிரவில்லை.

அவர் வாங்கிவந்தது ஜிக். ஈயத்தில் வார்த்த விரல் நீளப் பொய்மீன். அதில் ஒரு தூண்டில் முள் தொங்கும். வசந்தத்தில் மீன் கரையோரம் வந்தாலும் சோம்பலாக இருக்கும், அடிவரை இறக்கி மெதுவாகத் தூக்கித் தூக்கி விட வேண்டும் என்று கடைக்காரர் பாடம் நடத்தினார். நாளைக்காரர் தலையாட்டினார். கடலோரக் கற்சுவருக்கு வந்ததும் முள்ளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முள் இருந்தால் மீன் மாட்டும். மீன் மாட்டினால் இவர் மாட்டுவார்.

நான்கு ஞாயிறு சுகமாகப் போயின. ஜிக்கை இறக்குவார், தூண்டில் கோலைத் தொப்பையில் சாய்ப்பார், தொப்பியை முகத்தில் கவிழ்ப்பார். வெறுங்கையோடு வீடு திரும்பி, மீன்களின் திமிரைப் பற்றிப் பொருமுவார். மனைவி உச்சுக்கொட்டுவாள்.

ஐந்தாம் ஞாயிறு ஜிக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறக்கிவிட்டுத் தூங்கினார். குறட்டைக்குத் தொப்பை ஏறி இறங்க, கோலும் ஏறி இறங்கியது. கடைக்காரர் சொன்ன அதே தாளம். திடீரென்று கோல் வில்லாக வளைந்தது. பதறி நரம்பைச் சுருட்டினார். முழங்கை நீள மீன் ஒன்று சுவரில் துள்ளியது.

சற்றுத் தள்ளி மீன் பிடித்துக்கொண்டிருந்த பல் டாக்டர், தன் தூண்டிலை விட்டுவிட்டு ஓடிவந்து முதலில் செல்போனைத்தான் எடுத்தார்.

"விட்டுடலாம் டாக்டர். குட்டி மீனு, பாவம்."

"போட்டோ வீட்டம்மாவுக்குப் போயாச்சு சார். மாட்டினா உடனே அனுப்பச் சொல்லியிருந்தாங்க."

பழக்கதோஷத்தில் டாக்டர் மீனின் வாயைப் பிளந்து முள்ளை உருவினார். "முடிச்சு என்னமாப் போட்டிருக்கீங்க. தையல் மாதிரி இருக்கு."

நாளைக்காரர் குனிந்து பார்த்தார். முள் நீல நூலில் கட்டியிருந்தது. தம் சட்டைப் பொத்தான் தைத்த நூலைப் பார்த்தார். அதே நீலம்.

வீட்டில் ஏணி விரித்திருந்தது. வாளியில் பெயின்ட் கலக்கியிருந்தது.

"சட்டையத் துவைக்கிறப்ப முள்ளு குத்திச்சுங்க," என்றாள் மனைவி, விரலைக் காட்டி. "நீங்க கழட்டுன இடத்துலயே கட்டி வெச்சுட்டேன்."

அவர் வாய் திறக்குமுன் பிரஷ் கைக்கு வந்துவிட்டது. கைப்பிடி முழுக்க நீல நூல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது.

"இந்த வருஷம் நழுவாதுங்க."