ஜாமீன் கோப்ரலின் ஒரு நாள் உத்தியோகம்

மலாயாவில் அந்தக் காலத்தில் எத்தனையோ போலீஸ்காரர்கள் இருந்தார்கள். ஆனால் "என்னைக் கொஞ்சம் பிடித்து உட்கார வையுங்களேன்" என்று ஜனங்கள் தாங்களாகவே வந்து நின்றது மலாக்காவில் எங்கள் காஜா பெராங் தெரு ஜாமீன் கோப்ரலிடம் மட்டும்தான். இத்தனைக்கும் அவர் அப்போது போலீஸிலேயே இல்லை. ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். 'வீட்டில் இருந்தார்' என்று நான் எழுதுவதை அவர் மனைவி தங்கம்மா படித்தால் அடுப்படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிப்பார்.

கோப்ரல் என்பது போலீஸில் அவர் வகித்த பதவி; உண்மையான பெயர் பென்ஷன் ஆபீசுக்கு மட்டுமே தெரியும். ஓய்வு கொடுத்த அன்று உடுப்பு, தொப்பி, விசில் எல்லாவற்றையும் இலாகா திருப்பி வாங்கிக்கொண்டது. வாயை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீட்டி அடித்தார் பாருங்கள், காஜா பெராங் சடக்கில், அதாவது ரோட்டில், போன சைக்கிள்கள் எல்லாம் அப்படியே நின்றன. கஞ்சி போட்ட காக்கி அரைக்கால் சட்டையில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அன்று நடக்க ஆரம்பித்தவர்தான். தினமும் குறைந்தது ஒரு குற்றவாளியாவது கிடைக்காமல் அவருக்கு மத்தியானச் சோறு இறங்காது.

நானும் அவரிடம் மாட்டியவள்தான். அப்போது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மணி இல்லாத சைக்கிளில் போவேன். மணிக்குப் பதில் "தள்ளுங்க, தள்ளுங்க" என்று கத்திக்கொண்டே போவேன், அவ்வளவுதான்.

"டீச்சரம்மா, நில்லுங்க. சைக்கிள்ல பெல் எங்க?"

"வாங்கணும் ஐயா. சம்பளம் வரட்டும்."

"சட்டம் சம்பளத்துக்குக் காத்திருக்காது. நீங்க அரெஸ்ட். வந்து பெஞ்சுல உக்காருங்க."

அவர் வீட்டு வாசலில் ஒரு நீள பெஞ்சு உண்டு. அதுதான் லாக்கப். பிடிபட்டவர் அதில் உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் உள்ளேயிருந்து தங்கம்மாவின் குரல் வரும்: "என்னங்க, இன்னிக்கி எத்தன தே?" கைதிகளின் எண்ணிக்கையைக் கோப்ரல் அறிவிப்பார். இஞ்சி தட்டிப் போட்ட பால் தேநீரும், சுடச்சுடப் பருப்பு வடையும் வரும். இப்படி ஒரு லாக்கப் இருந்தால் யாருக்குத்தான் சட்டத்தை மதிக்க மனம் வரும்?

குடித்து முடித்தால் மட்டும் விட்டுவிட மாட்டார். ஜாமீன் வேண்டும். பணம் காசு கிடையாது. தெருவிலிருந்து யாராவது ஒருவர் வந்து, "இவரை எனக்குத் தெரியும்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் விடுதலை. எனக்கு ஜாமீன் கொடுத்தது பக்கத்து வீட்டு பீபிக். மலாக்கா செட்டி வம்சத்துப் பெரியம்மா அவர். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போவார், ஆனால் தமிழ் வராது, பேச்செல்லாம் மலாய்தான். சன்னலைத் திறந்து, பெஞ்சில் இருப்பது யார் என்றுகூடப் பார்க்காமல், "கெனால் லா, கெனால்!" என்பார். தெரியும், தெரியும் என்று அர்த்தம். பெஞ்சில் ஓர் ஆடு கட்டியிருந்தபோதும் அப்படித்தான் சொன்னார். ஆட்டையும் விட்டுவிட்டார் கோப்ரல்.

இளநீர் விற்கிற பாவாவின் கதையே வேறு. அவருக்கு மத்தியானத் தேநீர் நேரம் நெருங்கினால் தள்ளுவண்டி தானாகவே சடக்கின் நட்டநடுவில் வந்து நின்றுவிடும்.

இப்படிச் சென்னாங்காக, ஒரு கவலையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்த எங்கள் தெருவுக்கு ஒரு கிராணி, கஸ்டம்ஸ் ஆபீஸ் குமாஸ்தா, குடிவந்தார். வெளியூர்க்காரர், கழுத்துப்பட்டை கட்டியவர். வந்த வாரமே டுரியான் பழத் தோலைக் கால்வாயில் கொட்டினார். பின்னால் சீட்டிச் சத்தம் கேட்டது.

"சார், நீங்க அரெஸ்ட். உக்காருங்க."

"எந்த செக்‌ஷன்ல?"

"தே குடிங்க, அப்புறம் செக்‌ஷன் சொல்றேன்."

கிராணி ஏதோ குழப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். தேநீரும் குடித்துவிட்டார். ஜாமீனில்தான் வந்தது வில்லங்கம். அவரைத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. பீபிக்காவது கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார். அன்று பார்த்து அவர் தெங்கேராவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கோப்ரல் போகிற வருகிறவரை எல்லாம் நிறுத்தி, "இவரத் தெரியுமா?" என்று கேட்டார். எல்லாரும் கிராணியை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தெரியாது என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். ஒரு மனிதருக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேண்டுமா? முகம் சிவக்க எழுந்தார், விறுவிறுவென்று நடந்தார், நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கே போய்விட்டார். அதிகாரம் இல்லாத ஓர் ஆள் ஜனங்களைக் கைது செய்கிறார் என்று புகார்.

புகார் போன விஷயம் தெரியாமல், அதே வாரம் கோப்ரல் என் வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சரம்மா, சேதி கேட்டீங்களா? சுதந்திர நாளன்னிக்கி கூட்டம் தாங்காதாம், ஆள் பத்தாதாம். ரிட்டையர் ஆன போலீஸ்காரங்களுக்கு ஸ்பெஷல் கான்ஸ்டபிள் அதிகாரம் குடுக்கப் போறாங்க. சத்தியம் வாங்கிட்டு உடுப்பு, கைப்பட்டி, விசில், எல்லாம் தர்றாங்க."

"நல்லதாப் போச்சு ஐயா. இனிமே வாயால ஊத வேணாம்."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தொடையைத் தடவிக்கொண்டார்.

"விளையாட்டு இல்ல டீச்சரம்மா. சர்வீஸ் பூரா வெள்ளக்காரன் கொடிக்குத்தான் சல்யூட் அடிச்சேன். மழைல அடிச்சேன், காய்ச்சலோட அடிச்சேன். நம்ம கொடி ஏறப் போற நேரத்துல பாத்து என்னை ரிட்டையர் பண்ணிட்டாங்க. ஒரு தடவ லா. உடுப்புப் போட்டுக்கிட்டு ஒரே ஒரு தடவ நம்ம கொடிக்கு அடிச்சிட்டேன்னா போதும். அப்புறம் நான் பேசாம வீட்டுல உக்காந்துக்குவேன்."

கடைசி வாக்கியத்தை நான் நம்பவில்லை. மற்றதெல்லாம் நெஞ்சில் தைத்தது.

ஆனால் அதிகாரம் கொடுக்குமுன் நன்னடத்தை விசாரிப்பார்களே! புகார் விஷயம் இரண்டு நாளில் தெருவெல்லாம் தெரிந்துவிட்டது. கோப்ரலுக்கு முகம் தொங்கிப்போனது. சீட்டி நின்றது. சைக்கிள்கள் தறிகெட்டு ஓடின. எங்களுக்கோ என்னவோ வீட்டில் எழவு விழுந்த மாதிரி இருந்தது. பீபிக் எங்களையெல்லாம் கூட்டி உத்தரவு போட்டார்: இந்தத் தெருவில் கோப்ரல் யாரையும் எப்போதும் கைது செய்ததே இல்லை. விசாரிக்க வந்தால் எல்லாரும் இதையே சொல்ல வேண்டும். சரி என்று தலையாட்டினோம். பாவாவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

விசாரிக்க வந்தவர் இளவயது மலாய்க்கார இன்ஸ்பெக்டர். எல்லாரும் வாசலில் கூடிவிட்டோம். பேச்சு மலாயில் நடந்தது; ஐயா என்பதற்கு அதில் 'துவான்'.

"உங்களில் யாரையாவது இவர் கைது செய்ததுண்டா?"

"இல்லவே இல்லை, துவான்!" என்றோம் ஒரே குரலில். பள்ளிக்கூடத்தில் என் பிள்ளைகள்கூட வாய்ப்பாட்டை அவ்வளவு ஒற்றுமையாகச் சொன்னதில்லை.

இன்ஸ்பெக்டரின் பார்வை பெஞ்சுக்குப் போனது. அங்கே பாவா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள்?"

"நான் அரெஸ்டில் இருக்கிறேன், துவான்," என்றார் பாவா அமைதியாக. "கோப்ரலுக்கு மனசு சரியில்லை. அதனால் நானே வந்து உட்கார்ந்துவிட்டேன். இன்னும் தே வரவில்லை."

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து தங்கம்மா, "என்னங்க, எத்தன தே?" என்றார். தமிழ் தெரியாத இன்ஸ்பெக்டருக்கே விஷயம் புரிந்துவிட்டது. பீபிக் தலையில் அடித்துக்கொண்டார். கோப்ரல் விறைப்பாக முன்னால் வந்தார்.

"உண்மைதான், துவான். செய்தேன். அதிகாரம் இல்லாமல் செய்தேன்."

இன்ஸ்பெக்டர் ஒருவர் முகத்தையும் விடாமல் எங்களைப் பார்த்தார். "சரி. இவரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல யார் இருக்கிறீர்கள்?"

அவ்வளவுதான். "கெனால்! கெனால்!" என்று பீபிக் ஆரம்பித்தார். "எனக்குத் தெரியும்", "எனக்கும் தெரியும்" என்று தெருவே கத்தியது. ஆடு வளர்ப்பவர் தன் ஆட்டுக்கும் தெரியும் என்றார். எல்லாரும் ஓய்ந்த பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, கழுத்துப்பட்டைக் குரல்.

"எனக்கும் தெரியும், துவான். இந்தத் தெருவில் எனக்குத் தெரிந்த ஒரே மனுஷர் இவர்தான்." கிராணி வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

இன்ஸ்பெக்டர் தேநீரை வாங்கிக் குடித்தார். வடையும் இரண்டு தின்றார். போகும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: கைப்பட்டி கைக்கு வந்த நிமிஷத்திலிருந்து இந்த பெஞ்சு விளையாட்டு கூடாது. அப்போது செய்கிற கைது நிஜக் கைது.

சத்தியப் பிரமாணம் செய்துவிட்டு வந்த அன்று கோப்ரல் நேராகக் கிராணி வீட்டுக்குப் போனார். கையில் நிஜப் பட்டி, கழுத்தில் நிஜ விசில். கிராணி பயந்துபோய்க் கதவைப் பாதிதான் திறந்தார்.

"பயப்படாதீங்க சார். இனிமே உங்கள அரெஸ்ட் பண்ண முடியாது. அதிகாரம் குடுத்துட்டாங்க. சும்மா தே குடிக்க வாங்க."

அதிகாரம் இல்லாதபோது தெருவையே உள்ளே தள்ளிய மனிதர், அதிகாரம் வந்ததும் ஓர் ஈயைக்கூட அதட்டவில்லை. பாவா வண்டியைச் சடக்கில் குறுக்காகவே நிறுத்திப் பார்த்தார். "பாவா, தயவு செஞ்சி எடுத்துடுங்க," என்று கும்பிட்டார் கோப்ரல். பாவாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

சுதந்திர நாள் விடிந்தது. கடலோரத் திடலில் மலாக்காவே திரண்டிருந்தது. எங்கள் தெருக்காரர்கள் கோப்ரல் காவல் நின்ற கயிற்றுக்கு எதிரே இடம்பிடித்தோம். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தார்கள். கயிறு முறுக்கேறியது. முன்னால் குழந்தைகள், கிழவிகள். கிராணியின் சின்னப் பெண் கயிற்றோடு நசுங்கி வீறிட்டாள். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர்கள் தடியை எடுத்துவிட்டார்கள்.

கோப்ரல் விசிலை மறந்தார். விரலை வாயில் வைத்து அந்தப் பழைய சீட்டியை அடித்தார்.

"காஜா பெராங்! எல்லாரும் அரெஸ்ட்! உக்காருங்க!"

முதலில் உட்கார்ந்தது கிராணி. அப்புறம் பாவா, பீபிக், நான், எங்கள் தெரு மொத்தமும். பழக்கம் யாரை விட்டது! பின்னால் நின்றவர்கள் ஏதோ அரசாங்க உத்தரவு என்று நினைத்து அவர்களும் உட்கார்ந்தார்கள். வரிசை வரிசையாகத் திடலில் பாதி உட்கார்ந்துவிட்டது. தடிகள் இறங்கின. கிராணி தன் பெண்ணைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு பாண்டு வாசித்தார்கள். எழுந்து நின்றோம். கொடி ஏறத் தொடங்கியது. அப்போதுதான் எனக்குச் சட்டென்று உறைத்தது. கூட்டத்தைக் காக்கிற போலீஸ்காரர் கூட்டத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். கொடிக்கம்பம் கோப்ரலின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அந்த இளம் இன்ஸ்பெக்டருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: "கோப்ரல், ஒரு நிமிஷம் திரும்பிப் பாருங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்."

"டியூட்டியில் இருக்கிறேன், துவான்," என்றார் கோப்ரல். அசையவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, ஏற ஆரம்பிச்சிடுச்சி," என்றேன்.

"ம்."

"பாதிக்கு வந்துடுச்சி ஐயா."

"காத்து இருக்கா டீச்சரம்மா? விரியுதா?"

"விரியுது ஐயா. நல்லா விரியுது."

அவர் கை நெற்றிக்குப் போனது. எங்களைப் பார்த்தபடியே, கண்ணீர் தாரை தாரையாக வழிய, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். எதிரே நின்றது இளநீர் விற்கிற பாவாவும் பீபிக்கும் கிராணியும் நானும்தான். ஒரு போலீஸ்காரர் எங்களைப் போன்றவர்களுக்குச் சல்யூட் அடித்து அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வலது தோளில் குழந்தை. இடது கையைத் தூக்கி நானும் ஒரு சல்யூட் அடித்துவிட்டேன்.

அழுதுகொண்டே உதட்டை அசைக்காமல் சொன்னார்: "வலது கை, டீச்சரம்மா."

குழந்தையை மாற்றிக்கொண்டு, கையையும் மாற்றிக்கொண்டேன். பாண்டு நின்ற பிறகும் அந்தக் கையை இறக்க எனக்கு மனம் வரவில்லை.