பக்கத்து அறைத் தலைமையாசிரியர்

இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில், ஒரு பேருந்து நிறுத்தத்தில், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணொருத்தி ஈரக் குடையை மடக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள். அருகில் நின்ற இளைஞர், தம்முடைய பேருந்து வந்து நின்றதையும் கிளம்பிப் போனதையும் பொருட்படுத்தாமல், நீரை உதறுவது, கம்பிகளை ஒடுக்குவது, துணியை ஒரே திசையில் சுற்றுவது, பட்டையை மாட்டுவது என்று ஒவ்வொரு நிலையாக அவளுக்கு விளக்கினார். விளக்கம் முடிந்தபோது மழையும் முடிந்திருந்தது. குடை தானாகவே காய்ந்திருந்தது. தனக்காக ஒருவர் பேருந்தைத் தவறவிட்டாரே என்று அவள் உருகினாள். குடைக்காகத்தான் தவறவிட்டார் என்பது திருமணத்திற்குப் பிறகே அவளுக்கு விளங்கிற்று.

வாசகர்களே, இந்த இனத்தாரை நீங்கள் அறிவீர்கள். கையில் சாக்கட்டியோடு பிறந்தவர்கள். கரும்பலகைதான் பிற்பாடு கிடைக்கும். இவர்களுள் நன்கு முற்றிய வகைக்கு வீட்டுத் தலைமையாசிரியர் என்று பெயர். பள்ளிக்கூடத்தின் கொடுமையிலிருந்து பிள்ளைகளை மீட்டு வந்து, மீட்ட கையோடு பக்கத்து அறையில் ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடுபவர் எவரோ அவரே இவர். வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிற எல்லாரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டா. உருளைக்கிழங்கை எண்ணச் சொல்லிவிட்டு, எண்ணி முடித்ததும் "போய் விளையாடு" என்று அனுப்பிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

நம்முடையவருக்குத் தொழில், பயன்பாட்டுக் கையேடுகள் எழுதுவது. துணி துவைக்கும் இயந்திரம், இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி இவற்றோடு அட்டைப்பெட்டிக்குள் வந்து, அட்டைப்பெட்டியோடு வெளியே போகுமே, அந்தக் கையேடுகள்தாம். வீட்டிலிருந்தபடியே எழுதுவார். எவரும் படிக்காதவற்றைப் பல ஆண்டுகளாக எழுதி வந்த ஒருவருக்கு, எழுந்து போக முடியாத இருவர் கிடைத்தால் விடுவாரா?

இருவரில் பெரியவளுக்கு ஆறு வயது, பொடியனுக்கு நான்கு. பெரியவளின் பள்ளியில் ஒரு நாள் மணியடித்த பிறகு வாசற்கதவைச் சாத்திவிட்டார்கள் என்பதற்காக, இரவு உணவின்போது அவர் முழங்கினார்.

"மணி அடிச்சா உக்காரு, மணி அடிச்சா எந்திரி. இது பள்ளிக்கூடமா, ரயில் நிலையமா? என் பிள்ளைங்க இனி மணிச் சத்தமே கேக்காம வளரட்டும்."

"நல்லதுதாங்க," என்றாள் மனைவி. அவளுக்கும் அது நல்லதாகவே பட்டது.

முதல் வாரம் பொற்காலம். தலையணைகள் எல்லாம் கப்பலாயின. பெரியவள் அந்தக் கப்பலுக்குத் தலைவியானாள். பொடியன் ஒரு கரண்டியைப் பூந்தொட்டியில் நட்டு நாள்தோறும் தண்ணீர் ஊற்றினான். "பாத்தியா, இதுதான் இயல்பான கற்றல்!" என்று அப்பா கண்கலங்கினார்.

இரண்டாம் வாரம் கரண்டி முளைக்கவில்லை. ஏன் முளைக்கவில்லை என்று விளக்க வேண்டியதாயிற்று. விளக்கம் நீண்டது. நீண்ட விளக்கத்திற்கு நேரம் ஒதுக்க வேண்டும். நேரம் ஒதுக்கினால் அட்டவணை வேண்டும். அட்டவணை இருந்தால், அதன்படி ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பதை அறிவிக்க ஏதேனும் வேண்டாமா? பழைய மிதிவண்டியிலிருந்து கழற்றிய மணி கதவு நிலையில் ஏறிற்று.

"என்னங்க இது, மணியா?"

"மணி இல்லம்மா. நினைவூட்டல்."

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. அப்பாவின் கழுத்தில் டை வந்தது. இரண்டே மாணவர்களுக்கு வருகைப் பதிவு வந்தது. வீட்டிலிருந்து வீட்டுக்கு வருவதில் ஒரு பயணத்தின் மிடுக்கு இல்லையே என்று கருதி, பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியேறி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் பள்ளிக்குள் வர வேண்டும் என்ற விதி வந்தது. மாலையில் அதே சுற்று, தலைகீழாக. வழியில் பூனையைப் பார்த்து நின்றுவிட்ட பொடியன், தாமதமாக வந்த குற்றத்திற்காகத் தன் வீட்டு வாசலிலேயே வெளியில் நின்றான்.

"பொடியன்!"

"நான் இங்கதானப்பா இருக்கேன்."

"உள்ளேன் சார்னு சொல்லணும். இங்க அப்பா கிடையாது."

பொடியன் சுற்றும் முற்றும் பார்த்தான். உண்மைதான், இல்லை.

பெரியவள் வகுப்புத் தலைவி ஆக்கப்பட்டாள். பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதுவது அவளுடைய கடமை, பேசக்கூடியவன் ஒருவனே. தேர்விலும் அப்படித்தான். வகுப்பிலேயே இரண்டாம் இடம் என்று பொடியனைப் பற்றி அவனுடைய அப்பா உறவினர்களிடம் தொலைபேசியில் பெருமைப்பட்டுக்கொண்டார்.

பெற்றோர் - ஆசிரியர் கூட்டமும் நடந்தது. காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி அழைக்கப்பட்டாள். நடையில் போட்டிருந்த நாற்காலியில் சிறிது நேரம் காக்கவைக்கப்பட்டாள். பிறகு மணி அடித்தது.

"வாங்கம்மா, உக்காருங்க. உங்க பையன் அடிக்கடி ஜன்னலையே பாக்கறான்."

"என் பையனா? நம்ம பையன்ங்க!"

"இங்க நான் ஆசிரியர் மட்டுந்தாம்மா." அவர் தாள்களை ஒழுங்குபடுத்தினார். "பொண்ணு கெட்டிக்காரி. ஆனா முன்ன மாதிரி கலகலன்னு இல்ல. வீட்டுல ஏதாவது பிரச்சினையா? அவங்க அப்பா கொஞ்சம் உக்காந்து பேசினா நல்லாருக்கும்."

மனைவி அவரை உற்றுப் பார்த்தாள். பகலெல்லாம் மனிதர்களின் முகத்தில் கண்ணாடியை மாட்டி, "இப்பத் தெளிவாத் தெரியுதா?" என்று கேட்பது அவள் வேலை. இந்த முகத்திற்கு எந்தக் கண்ணாடி பொருந்தும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அவருக்கு எங்க சார் நேரம்? பாவம், ஒரு பள்ளிக்கூடம் நடத்தறார்."

தலைமையாசிரியர் அனுதாபத்தோடு தலையசைத்தார்.

இவ்வளவும் வேடிக்கைதான். பல் ஆடத் தொடங்காமல் இருந்திருந்தால், வேடிக்கையாகவே போயிருக்கும்.

பெரியவளின் கீழ்வரிசை முன்பல் ஆடத் தொடங்கியது, டை வருவதற்கு முன்பு. அப்போது அப்பா தரையில் படுத்திருந்தார். அவள் அவருடைய வயிற்றின்மேல் உட்கார்ந்து, நாக்கால் பல்லைத் தள்ளிக் காட்டினாள்.

"விழுந்தா மொதல்ல யாருக்குக் காட்டுவ?"

"உனக்குத்தாம்ப்பா."

"அம்மாவுக்கு?"

"அப்புறந்தான். பொடியனுக்கு அதுக்கும் அப்புறம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அடுப்படியிலிருந்து அம்மா, "அப்ப நான் யாரு இந்த வீட்டுல?" என்று கேட்டாள். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அதன் பிறகு நாள்தோறும் அவர் தம் விரலால் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் நேரம் வரல," என்று அறிவிப்பார். டை வந்த பிறகு அது நின்றது. ஆனால் சத்தியம் சத்தியமாகவே இருந்தது. பிள்ளைகள் இவற்றை மறப்பதில்லை.

கடைக்கு விடுமுறையான ஒரு நாளில், அம்மா அடுப்படியில் இருக்க, பக்கத்து அறையில் ஒரு பெரிய பாடம் நடந்தது. பாடத்தின் பெயர் 'நம் பற்கள்'. பாடுபட்டு வெட்டி ஒட்டிய ஓர் அட்டைத் தாடை மேசைமேல் திறந்திருந்தது. பற்கள் ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு.

"பால்பல் விழுந்த இடத்துல புதுப் பல் முழுசா முளைக்கச் சில மாசம் ஆகும். என்ன ஆகும்?"

"சில மாசம் ஆகும் சார்."

அந்த நேரத்தில்தான், தாடையின் கீழ்வரிசையிலிருந்து ஒரு காகிதப் பல்லைப் பிடுங்கி, பால்பல் எப்படி விழுகிறது என்று அவர் காட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான், பெரியவளின் உள்ளங்கையில் உண்மையான பல் விழுந்தது. இதைப் பார்த்தவன் பொடியன் ஒருவனே.

"சார்! அக்காவோட பல்லு..."

"வகுப்புல சொந்தக் கதை கூடாது. பெயரை எழுது."

பெரியவள் எழுந்து போய்ப் பலகையில் தம்பியின் பெயரை எழுதினாள். இடக்கையால் எழுதினாள். வலக்கை இறுக மூடியிருந்தது, வாயும் அப்படியே.

"எழுத்து ஏன் இப்படிக் கோணிக்கிட்டுப் போகுது? வலது கை எங்க?"

"இங்கதான் சார் இருக்கு," என்றாள், பல் தெரியாதபடி உதட்டை ஒடுக்கிக்கொண்டே.

பாடம் முடிந்ததும் ஐயம் ஏதேனும் உண்டா என்று கேட்டார். ஒருவருக்கும் ஐயம் இல்லை.

மாலையில் மணி அடித்தது. பிள்ளைகள் பின்வாசலில் இறங்கிக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து அழைப்பு மணியை அழுத்தினார்கள். அம்மா கதவைத் திறந்தாள். பொடியன் பாலுக்கு ஓடினான். பெரியவள் செருப்பு அலமாரியின் ஓரத்தில், வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள்.

"என்னடி கையில?"

தலையாட்டல்.

"வாயத் தொற பாப்போம்."

மீண்டும் தலையாட்டல். "அப்பா வரட்டும்மா."

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. நேரே பக்கத்து அறைக்குப் போனாள்.

"என்னங்க, பெரியவ வாசல்ல உக்காந்திருக்கா. ஒரு நிமிஷம் வாங்களேன்."

"இரும்மா. பாடம் எங்கயோ பிசகிருக்கு. இவ்வளவு நேரம் பல்லப் பத்திப் பேசியிருக்கேன், ஒரு ஈடுபாடு வேணாமா? பெரியவ வாயையே தொறக்கல. தாடை சின்னதாப் போச்சுன்னு நெனக்கிறேன். நாளைக்கு இன்னும் பெருசாச் செய்யணும்."

அவர் கத்தரிக்கோலை எடுத்தார். அவள் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியந்தான். ஆனால் அந்தச் சத்தியம் அவர்கள் இருவருக்கும் உரியது. அதில் அவளுக்கு இரண்டாம் இடமே. மகளை முந்திக்கொண்டு அதை அவரிடம் சொல்லிவிட அவளுக்கு மனம் வரவில்லை. திரும்பி வந்து மகளின் அருகில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா உள்ளதான்டா இருக்காரு."

"உள்ள சார்தாம்மா இருக்காரு." பெரியவளின் குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. பேருந்து எப்போது வரும் என்று கேட்பவர்களின் குரல் அது. "அப்பா எப்ப வருவாரு?"

அம்மா அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "தெரியலையேம்மா. சாரையே கேட்டுப் பாரு."

பெரியவள் யோசித்தாள். எழுந்தாள். பையை மாட்டிக்கொண்டாள். முன்வாசலில் இறங்கிக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, முறைப்படி பின்வாசலில் வந்து நின்றாள். அடுப்படி வழியாக விரைந்து வந்த அம்மா, கதவோரத்தில் நின்று பார்த்தாள்.

"உள்ள வரலாமா சார்?"

"ம்."

"லீவு வேணும் சார்."

அவர் நிமிரவில்லை. கத்தரிக்கோல் அட்டையில் ஒரு கடைவாய்ப் பல்லை வளைத்து வெட்டிக்கொண்டிருந்தது. "யாருக்கு?"

"எங்க அப்பாவுக்கு."

கத்தரிக்கோல் நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். மூடிய கையைப் பார்த்தார். மூடிய வாயைப் பார்த்தார். ஆனால் இந்த இனத்தாரின் நாக்கு இருக்கிறதே, அது மனத்தைக் கலந்துகொண்டு பேசுவதில்லை. அது கேட்டது:

"காரணம்?"

சிரிக்காதீர்கள், வாசகர்களே. கடைசியாக உங்கள் வீட்டுப் பிள்ளை உள்ளங்கையில் எதையோ மூடிக்கொண்டு உங்களிடம் ஓடி வந்தபோது, "கையைக் கழுவினாயா?" என்று கேட்டவர் யார்? வானவில்லைக் காட்ட உங்களை இழுத்துக்கொண்டு போனவளிடம், நிறங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னவர் யார்? நாய் துரத்திய கதையை மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தவனை நடுவில் நிறுத்தி, நாய்க்கு எத்தனை கால் என்று கேட்டவர்? இந்தப் பக்கத்தில் எங்கேனும் ஓர் ஒற்று விட்டுப் போயிருக்கிறதா என்று இந்த நிமிடமும் தேடிக்கொண்டிருப்பவர்? கழுத்தைத் தடவிப் பாருங்கள். டை எதுவும் இல்லையா? நல்லது. எதற்கும் இன்னொரு முறை தடவிப் பாருங்கள்.

"அவர்கிட்ட ஒண்ணு காட்டணும் சார்," என்றாள் பெரியவள். "மொதல்ல அவருக்குத்தான் காட்டணும். சத்தியம் பண்ணிருக்கேன்."

தலைமையாசிரியரின் கை டையின் முடிச்சுக்குப் போயிருந்தது. முடிச்சு இறுகிக் கிடந்தது. அவிழ்க்கும் முறையை அவர் எந்தக் கையேட்டிலும் எழுதியதில்லை. "எத்தனை நாளைக்கு?" என்றார். அந்தக் குரல் பாதி சாருடையது. மற்றப் பாதியை அம்மாவுக்கு எங்கோ கேட்ட நினைவு இருந்தது.

பெரியவள் மேசைமேல் திறந்து கிடந்த அட்டைத் தாடையைப் பார்த்தாள். பாடத்தை ஒரு முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, பல் விழுந்ததிலிருந்து ஒடுக்கியே வைத்திருந்த வாயை, இடைவெளி தெரிய, முழுவதுமாகத் திறந்தாள்.

"புதுப் பல்லு முளைக்கிற வரைக்கும், சார்."