லீவு எழுதிக் கொடுத்த பிணம்

கொலை செய்யப்படுவதற்கு முதல் நாளே லீவு எழுதிக் கொடுத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். கட்டபெட்டுப் பக்கம் நான் கிளார்க்காக இருந்த தேயிலை எஸ்டேட்டின் ஃபுல்டே அண்ணன்.

ஃபாக்டரியில் இலை உலர்த்தும் அடுப்புக்கு விறகு போடுவது அவர் வேலை. முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட, அரை நாள்கூட லீவு கிடையாது; அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். காய்ச்சல் வந்தால் அடுப்புப் பக்கத்திலேயே நின்று வேர்க்க வைத்துக்கொள்வார். மகள் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்த கையோடு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷிஃப்டுக்கு வந்து நின்றார். அன்றிலிருந்து அவர் மனைவி பாப்பாத்தியக்கா அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். இரண்டு வருஷம்! சோற்றுத் தட்டை ணங்கென்று வைப்பதோடு சரி.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் என் மேஜையில் ஒரு தாளை வைத்தார். ‘ஐயா, நாளைக் காலை பெரிய பங்களாவில் நான் கொலை செய்யப்பட இருப்பதால் ஒரு நாள் லீவு தேவை.’

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“டி.வி.க்காரங்க வந்திருக்காங்கல்லங்க? கொலகாரன் யாருன்னு கண்டுபுடிக்கிற போட்டியாமுங்க. நாந்தானுங்க பொணம். டி.வி.ல என்னையப் பாத்தா, பாப்பாத்தி ஒரு வார்த்தையாச்சும் பேசாமயா போயிருவா?”

“அதுக்காக இப்படியா அண்ணா எழுதுவீங்க?”

“லீவு லெட்டர்ல பொய் எழுதலாமுங்களா?”

மறுநாள் அந்தத் தாளை மேஜைமேலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த கங்காணி அதைப் படித்துத் தொலைத்தார். எங்கள் எஸ்டேட்டில் நேரங்கெட்ட நேரத்தில் ஃபாக்டரி சங்கு ஊதினால் சாவு என்று அர்த்தம்; போட்டது போட்டபடி எல்லோரும் சாவு வீட்டுக்குப் போய்விடுவார்கள். என் டீ ஆறுவதற்குள் சங்கு ஊதிவிட்டது.

விழுந்தடித்து ஓடினேன். அதற்குள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த எழுபது பெண்கள் கூடையும் கையுமாகப் பங்களாவுக்குள் புகுந்திருந்தார்கள். ஹாலில், நெஞ்சில் கத்தியோடு ஃபுல்டே மல்லாந்து கிடந்தார். சுற்றிலும் பூதக்கண்ணாடியோடு எட்டுப் போட்டியாளர்கள். பாப்பாத்தியக்கா அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் அவர்மேல் விழுந்தார்.

“ஒரே ஒரு நாளு லீவு போட்டு ஊட்டுல இருங்கன்னு எத்தன தடவ கேட்டேன்! அப்பப் போடாத லீவ இப்பிடிப் போட்டுட்டீங்களே!”

போட்டிக்கு வந்த பெண் ஒருத்தி பரபரவென்று நோட்டில் எழுதினாள்: ‘கொன்றது மனைவி. காரணம் இருக்கிறது.’

ஃபுல்டே அசையவில்லை. நிஜமாகவே போய்விட்டாரோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எடுத்த வேலையைப் பாதியில் விட்டு அவருக்குப் பழக்கமே இல்லையே! மூடிய கண்ணோரம் மட்டும் தண்ணீர் வழிந்தது.

“கட்! பொணம் அழுவுது!” என்று டைரக்டர் கத்தினார். “அந்தம்மாவ வெளிய அனுப்புங்க. இன்னும் நாலு மணி நேரம் ஷூட்டிங் இருக்கு!”

பிணம் எழுந்து உட்கார்ந்தது. எழுபது பெண்களும் அலறிய அலறலில் கேமராக்காரர் ஏணியிலிருந்து இறங்கியே விட்டார். ஃபுல்டே கத்தியைப் பிடுங்கி டைரக்டரிடம் நீட்டினார்.

“எனக்கு இன்னிக்கு அரை நாள் போதுங்க. வேற பொணம் பாத்துக்கோங்க.”

“ஏனுங்க, நீங்க சாவலீங்களா?” என்றார் பாப்பாத்தியக்கா. இரண்டு வருஷத்தில், உயிரோடிருந்த புருஷனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். மறுநாள் காலை என் மேஜையில் இன்னொரு தாள். ‘ஐயா, உயிரோடு இருப்பதால் ஒரு நாள் லீவு தேவை.’

அதை இரண்டு நாளாகத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன்.