எழுபது வளைவு தாங்கும் பெட்டி

யார் எந்த இடத்தில் வாந்தி எடுப்பார் என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் கொல்லிமலை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். இப்படி ஒரு வாக்கியத்தில் தொடங்கலாமா, வாரப் பத்திரிகையைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்கள் இருப்பார்களே என்று இரண்டு நாள் யோசித்தேன். வேறு எப்படித் தொடங்கினாலும் அது அவராக இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் முடித்துவிட்டு வரவும்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. மலை முழுக்க அவருக்கு எலுமிச்சை என்றே பெயர். செம்மேட்டுக்கு ஏறும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்துக் காரவள்ளியில் தொடங்கி ஒவ்வொன்றுக்கும் பலகையில் எண் இருக்கும். எலுமிச்சை, ஏறுகிற ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். பிறகு ஓர் எண்ணை முடிவு செய்து, டிரைவரிடம் போய்ச் சொல்லிவிட்டு, தோல்பைக்குள்ளிருந்து முகர்ந்து பார்க்க ஓர் எலுமிச்சம்பழம் எடுத்துத் தருவார். மலையிலேயே பைல் நாடு என்ற ஊர்ப்பக்கம் இருக்கும் அவருடைய மாமனார் வீட்டு மரத்துப் பழம்.

என் கணவருக்கு மலையில் அரசாங்க வேலை. கல்யாணமாகி முதன்முதலாக ஏறிய நாளில் எலுமிச்சை என்னைப் பார்த்துவிட்டு முன்பக்கம் திரும்பி, "பத்தொம்பது" என்றார். இருக்கை எண்ணாக இருக்கும் என்று நினைத்து அதைத் தேடிக்கொண்டிருந்தேன். பத்தொன்பதாவது வளைவில் விளங்கிவிட்டது. இறங்கும்போது எனக்கு நாற்பத்தொன்று. அதுவும் பிசகியதில்லை.

ஒருமுறை, கீழேயிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி ஒருவர் ஏறினார். எலுமிச்சை பழத்தை நீட்டியதும், "நான் கப்பல்லயே போயிட்டு வந்தவன்" என்று மறுத்தார்.

"கப்பல் நேராப் போவுமுங்க," என்றார் எலுமிச்சை. "உங்களுக்கு அறுவத்தி ஏழு."

அதிகாரி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அறுபதைத் தாண்டினார். அறுபத்தைந்தைத் தாண்டினார். பஸ்ஸே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அறுபத்தாறைத் தாண்டியதும் வெற்றியோடு எலுமிச்சையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பதற்கு வாயைத் திறந்ததுதான் தப்பு.

கல்யாணக் கூட்டம் வந்தால் இன்னும் மோசம். உறவுமுறை, வயது, மரியாதை எதுவும் பார்க்க மாட்டார். எண் பார்த்துத்தான் உட்காரவைப்பார். சீக்கிரம் எடுப்பவர்களுக்கு ஜன்னல், தாங்குபவர்களுக்குப் பின்வரிசை. ஒரு மாப்பிள்ளையின் அப்பாவைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார். சம்பந்தி வீட்டாருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"மாப்பிள்ளையோட அப்பாவுக்குப் பின்னாடி சீட்டா?"

"ஐயா எழுவதையும் தாங்குற ஆளுங்க. அவருக்கு எதுக்குங்க சன்னலு? உங்க தம்பி பதினொண்ணு. அவரை முன்னாடி உடுங்க."

மாப்பிள்ளையின் அப்பா கடைசி வரிசையில் போய், பட்டம் வாங்கியவர் போல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

இப்படிப்பட்டவரிடம் நான் என் படிப்பைக் கொண்டுபோய் ஒப்படைத்தேன்.

சேலத்தில் ஒரு கல்லூரியில் டிசைன் படித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பருவத்தில் பாப்பா பிறந்ததால் ஒரு புராஜெக்ட் நின்றுபோனது. அவளுக்கு இரண்டு வயதானபோது கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. இந்தப் பருவத்தில் முடித்தால் பட்டம், இல்லாவிட்டால் முதலிலிருந்து சேர வேண்டும். தலைப்பு: சேகரிப்பவர்கள் வாங்கும் டிசைனர் பொம்மைக்குப் பெட்டி வடிவமைத்தல். கூடவே ஒரு பொம்மையும் வந்தது. ஒரு கலைஞர் கையால் செய்த தேவாங்கு. உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு, உருண்டைக் கண், குச்சி போல முன்னால் நீண்ட இரண்டு கைகள். ஒன்றே ஒன்றுதான். உடைந்தால் வேறு கிடையாது என்று கடிதத்தில் அடிக்கோடு போட்டிருந்தார்கள்.

அந்த அடிக்கோடு என்னை ஆட்டிவைத்தது. பாப்பாவின் கைக்கு எட்டாமல் பொம்மையைப் பஞ்சில் பொதிந்து, பட்டுப்புடவைக்குள் சுருட்டி, பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினேன். பிறகு புராஜெக்ட் அறிக்கையின் முதல் பக்கத்தில், "இந்தப் பெட்டி கொல்லிமலையின் எழுபது வளைவுகளையும் தாங்கும்" என்று எழுதினேன். எந்தத் தைரியத்தில் எழுதினேனோ. எழுதி அனுப்பியும்விட்டேன்.

முதல் பெட்டியை எடுத்துக்கொண்டு செம்மேடு பஸ் நிலையத்துக்குப் போனேன். காந்தம் வைத்த மூடி, முன்பக்கம் கண்ணாடித்தாள் ஜன்னல். ஒரு நடை இறங்கி ஏறி வரும்போது கூடவே கொண்டுபோய் வர முடியுமா என்று எலுமிச்சையிடம் கேட்டேன்.

"உள்ள என்னங்க அம்மிணி?"

"பொம்மை வைக்கிற பெட்டிங்கண்ணா. ஆசைப்பட்டு வாங்கி அலமாரியில வச்சுக்குவாங்க. நிறையப் பேரு பெட்டியத் தொறக்கவே மாட்டாங்க."

அவர் பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தார். "தொறக்கவே மாட்டாங்கன்னா, உள்ள பொம்மை இருந்தா என்ன, எலுமிச்சம்பழம் இருந்தா என்னங்க?"

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. உண்மைப் பொம்மையை அனுப்ப மனம் வரவில்லை. அவரே ஒரு பெரிய பழத்தை எடுத்து உள்ளே வைத்து மூடினார். பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டினார். முகர்ந்தார். டிரைவர் பக்கம் திரும்பினார்.

"முப்பத்திரெண்டு."

"ஏனுங்கண்ணா, பெட்டிக்குமா?"

"வாயி இருக்கிற எதுவும் தப்பாதுங்க."

மதியம் பஸ் திரும்பி வந்தது. எலுமிச்சை பெட்டியை ஒரு கையிலும் பழத்தை இன்னொரு கையிலும் தனித்தனியாகக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவினரிடம் சொல்வது போலச் சொன்னார்: "முப்பத்திரெண்டாவது வளைவுங்க. பழத்துக்கு ஒண்ணும் இல்லை. பொட்டி மூடியத் தொறந்து கக்கிருச்சு."

இழுப்பறை போல இழுக்கும் இரண்டாவது பெட்டி ஐம்பத்தொன்றிலேயே கக்கியது. இறங்கும்போது எழுபதிலிருந்து எண்ண வேண்டும் என்பதால் அது முதலாவதைவிட மோசம். மூன்றாவதை, பார்க்கும் முன்பே "அறுவத்தி நாலு" என்றார். நாலாவதற்குப் பழமே தரவில்லை. "பாவம், பழத்த எதுக்கு அலைக்கழிக்கோணும்?"

அன்றைக்கு மதியம் வீட்டுக்கு வந்து அழுதேன். அழுது முடித்ததும் அட்டையை வெட்டத் தொடங்கினேன். என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"காலேஜ்ல கொடுக்கப் போறப்ப முள்ளுக்குறிச்சி வழியா கார்ல போயிரலாமே. அந்தப் பக்கம் வளைவு கம்மி."

"எழுபது தாங்கும்னு எழுதியிருக்கேன்."

"யாரு எண்ணிப் பாக்கப் போறா?"

"நான் எண்ணுவேன்," என்றேன். அவர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வழி கிடைத்தது பஸ்ஸில்தான். பாப்பாவுக்குத் தடுப்பூசி போட இறங்கிக்கொண்டிருந்தேன். அவளை மடியில் வைத்து, என் இரண்டு கைகளையும் குறுக்கே கட்டிப் பிடித்திருந்தேன். பஸ் இடப்பக்கம் திரும்பினால் வலது கை இறுகியது, வலப்பக்கம் திரும்பினால் இடது கை இறுகியது. அவள் அசையவே இல்லை. நாற்பத்தொன்றில் எனக்கு வழக்கமானது நடந்தது. அப்போதும் கையை எடுக்கவில்லை.

ஐந்தாவது பெட்டிக்கு மூடியே கிடையாது. இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு அட்டைக் கைகள் வந்து, குறுக்கே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். எலுமிச்சை ஆட்டினார், முகர்ந்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிரைவர் காத்திருந்தார். பயணிகள் ஹாரன் அடிக்கச் சொன்னார்கள்.

"இதுக்குச் சொல்லத் தெரியலீங்க," என்றார் கடைசியில், உடம்புக்கு முடியாதவர் போல.

மதியம் பெட்டியை மூடியபடியே நீட்டினார். "எறங்கறப்ப எழுவது. ஏர்றப்ப எழுவது. போங்க, கொண்டுபோயி வெச்சுக்கங்க." பந்தயத்தில் தோற்றவர் மாதிரி சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

கல்லூரியில் கொடுக்க இன்னும் மூன்று நாள் இருந்தது. பீரோவைத் திறந்து, புடவையைப் பிரித்து, பஞ்சை எடுத்து, தேவாங்கைப் பெட்டிக்குள் வைத்தேன். போகவில்லை.

பூட்டி வைக்கும் முன் பஞ்சோடு சேர்த்து உயரத்தையும் அகலத்தையும் மட்டும் அளந்தவள், முன்னால் நீண்ட கைகளை அளக்கவே இல்லை. உடைந்துவிடும் என்ற பயத்தில் பொம்மையைத் தொடாமல், ஐந்து பெட்டிகளையும் எலுமிச்சம்பழத்துக்கே பொருந்துகிற மாதிரி செய்திருக்கிறேன். உலகத்திலேயே மிகச் சிறந்த எலுமிச்சம்பழப் பெட்டி என் கையில் இருந்தது.

உள்குழியைக் கத்தியால் பெரிதாக்கினேன். பொம்மை உள்ளே போனது. ஆனால் பெட்டியைச் சாய்த்ததும் அந்தக் குச்சிக் கைகள் அட்டையில் டொக் டொக்கென்று இடித்தன. இன்னும் இரண்டு வளைவில் ஒடிந்துவிடும் சத்தம். நடுவே எதையாவது கொடுக்க வேண்டும் என்று மேசையைத் துழாவியபோது அகப்பட்டது பெட்டிக்குள்ளிருந்து எடுத்து வைத்த எலுமிச்சையின் பழம்தான். தேவாங்கின் இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்தேன். அளவெடுத்தது போல நின்றது. தேவாங்கு அதை மார்போடு அணைத்துக்கொண்டு என்னை முறைத்துப் பார்த்தது. சாய்த்தேன். கவிழ்த்தேன். சத்தமே இல்லை.

உண்மைப் பழம் அழுகிவிடும். பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்து, அதே அளவில் காகிதக்கூழ்ப் பழம் செய்தேன். மலைத் தூறலில் காயவில்லை. டிவி பெட்டியின் மேல் வைத்துக் காயவைத்து மஞ்சள் பூசினேன். இரண்டு நாள் எங்கள் வீட்டில் செய்திகள் எலுமிச்சம்பழத்துக்குக் கீழேதான் ஓடின.

கொடுக்க வேண்டிய நாளன்று காலை, பாப்பாவோடும் பெட்டியோடும் பஸ் ஏறினேன். பெட்டியை மடியில் வைத்தேன். எலுமிச்சை வந்து நின்றார்.

"மடியில வெச்சா அது பரீட்சை இல்லீங்க அம்மிணி."

"இன்னைக்கு உள்ள பழம் இல்லைங்கண்ணா. உண்மைப் பொம்மை."

"அப்ப எழுவதும் தாங்கும்னு எழுதினது?"

அவரிடம் அதை எப்போது சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லியிருக்கக் கூடாது. பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடியின் மேல், ஒவ்வொரு முறையும் பெட்டி உட்கார்ந்த அதே இடத்தில் வைத்தார். எனக்கு ஒரு பழம் தந்தார். பாப்பாவுக்கு என்ன எண் என்று கேட்டேன்.

"கொழந்தைங்களுக்குச் சொல்றதில்லீங்க," என்றார்.

ஒவ்வொரு வளைவிலும் பெட்டி வழுக்கியது, சரிந்தது, ஒருமுறை கவிழ்ந்தே விழுந்தது. நான் எழுந்துவிட்டேன். "உக்காருங்க," என்றார் அவர். உட்கார்ந்தேன். எதிரே வண்டி எதுவும் வராமலேயே நடுவே ஓரிடத்தில் பஸ் மெதுவானது. ஏன் என்று யோசிக்கவில்லை. பெட்டியை விட்டு என் கண் நகரவில்லை. காரவள்ளியில் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அட்டைக் கைகள் இரண்டும் பிடித்தபடியே இருந்தன.

"நாப்பத்தியொண்ணு என்னாச்சுங்க?" என்று கேட்டார்.

அப்போதுதான் நினைவு வந்தது. எனக்கு எதுவுமே ஆகவில்லை. பழம் முகராமலேயே கையில் கசங்கியிருந்தது. அவருடைய கணக்கு முதன்முறையாகப் பிசகியிருந்தது.

கல்லூரியில் தேர்வாளர் பெட்டியைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். "எல்லாம் சரிம்மா. இது கையில எதுக்கு எலுமிச்சம்பழம்?"

"மலையிலிருந்து இறங்குற யாருக்கும் ஒண்ணு தருவாங்க சார்," என்றேன். வேறு நல்ல பதில் சொல்லியிருக்கலாமோ என்று சேலத்திலிருந்து காரவள்ளி வரை யோசித்தேன். தேர்ச்சி என்று கையெழுத்துப் போட்ட தாள் பைக்குள் இருந்தும் யோசித்தேன்.

சாயங்காலம் ஏறும் பஸ்ஸிலும் அவர்தான். விஷயத்தைச் சொன்னேன். "பெட்டி தேறிருச்சுங்களா, செரி," என்று டிக்கெட் கிழித்தார். என் முகத்தைப் பார்த்தார். எண் எதுவும் சொல்லவில்லை. முன்னால் போய் டிரைவரின் காதில் மட்டும் ஏதோ சொன்னார்.

பதினெட்டு தாண்டியதும் பஸ்ஸின் வேகம் குறைந்தது. தளும்பத் தளும்ப நிரப்பிய குடத்தைத் தூக்கிப் போவது போல, பத்தொன்பதாவது வளைவை டிரைவர் அத்தனை மெதுவாகத் திருப்பினார். இத்தனை வருடம் அவர் எண்ணை டிரைவரிடம் எதற்குச் சொன்னார் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எலுமிச்சை என் இருக்கைக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டி நின்று, எதையோ வேடிக்கை பார்ப்பது போல வெளியே பார்த்துக்கொண்டு, பின்னால் கையை நீட்டி ஒரு காகிதப் பையைப் பிடித்திருந்தார்.

எனக்கு ஒன்றும் செய்யவில்லை. இருந்தாலும் அந்தப் பையை வாங்கி, வளைவு முடியும் வரை மடியில் விரித்து வைத்துக்கொண்டேன்.